பயனாளி

“இங்கை பாருங்கோ ஐயா, கமெராவைப் பாருங்கோ” என்று அந்தப் படப்பிடிப்பாளர் என் அண்ணையிடம் சொன்னார். மேடையில் நின்ற அண்ணையின் கையில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டி இருந்தது. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தபடி, அந்தத் தொண்டு நிறுவனத்தின் பணிப்பாளர் சிரித்துக்கொண்டு நின்றார். அண்ணைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்த விழாவே கண் தெரியாதவர்களுக்காக எடுத்த விழா. ஆனாலும் படப்பிடிப்பாளர் “இங்கை, இங்கை” என்று விரலைச் சொடுக்கினார். சொடுக்கு வந்த திசைக்கு அண்ணை முகத்தைத் திருப்பினார். மறுநாள் பத்திரிகையில் வந்தது அந்த முகம்தான். கீழே “உதவி பெறும் பயனாளி ஒருவர்” என்று போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு மடிகணினி. அதில் போட்டு அவர்கள் ஊரைக் கூட்டிக் காட்டிய கணினி நிரலை எழுதியவர் அந்தப் பயனாளிதான். கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். அது ஆறுவதாகத் தெரியவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில். அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். அண்ணை புள்ளிவிபரவியல் படித்து, விவசாய ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். தோட்டங்களுக்குக் கொட்டுகிற உரம் எங்கள் கிணறுகளுக்குள் எவ்வளவு இறங்குகிறது, எந்த மாதம் கூடுகிறது, எந்த மாதம் குறைகிறது என்று கணக்குப் பார்ப்பது அவருடைய வேலை. முப்பது வயது தாண்டிய பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. முதலில் சைக்கிளில் போகும்போது பக்கத்தால் வருகிற ஓட்டோ தெரியாமல் போனது. பிறகு பக்கத்தில் இருக்கிற ஆள் தெரியாமல் போனது. கடைசியில் முன்னால் இருந்ததும் போனது. அலுவலகம் அவரை மருத்துவ ஓய்வில் வீட்டுக்கு அனுப்பியது. அண்ணை அழுததை நான் பார்க்கவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் யாராவது “பாவம், இடம் விடுங்கோ” என்றால், பாவம் என்று சொன்னவரை இறங்கும்வரை விடமாட்டார். சட்டையை அயன் பண்ணி மினுக்காமல் வாசல் படலையைத் தாண்டமாட்டார். தேநீரில் சீனி கூடினால் தங்கச்சி எனக்கும் பேச்சு விழும். லேசான மனிதர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் செத்தபிறகு எல்லோரும் அவரை ஒரு சாதுவாக்கிவிட்டார்கள்.

வேலை போனாலும் கிணறுகளை அவர் விடவில்லை. அலுவலகத்து நண்பர்கள் தண்ணீர்ப் பரிசோதனை எண்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கணினியில் கணக்குப் போடுவது நோட்புக் என்கிற ஒரு முறையில். மருதனார்மடத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற எனக்கே விளங்கிய அளவில் சொல்கிறேன். திரையில் ஒரு பக்கம் இருக்கும். அதில் ஒரு பெட்டிக்குள் கட்டளை எழுதினால் விடை அதற்குக் கீழேயே வரும். பிறகு அடுத்த பெட்டி, அடுத்த விடை. ஆனால் அந்தப் பக்கத்துக்குத் தானாகக் கணக்குப் பார்க்கத் தெரியாது. பின்னால் இன்னொரு நிரல் இருந்து, கட்டளையை வாங்கி, ஓட்டிப் பார்த்து, விடையை அனுப்பவேண்டும். அதற்குக் கேர்னல் என்று பெயர். எண்ணும் எழுத்தும் விடையாக வந்தால், திரையை வாசித்துச் சொல்லுகிற குரல் அண்ணைக்கு அதை வாசித்துவிடும். கோடு ஏறி இறங்குகிற வரைபடம் வந்தால் மட்டும் “படம்” என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். அவருடைய வேலையின் சாரமே வரைபடங்களில்தான் இருந்தது. “படமாம். என்ன படம்? ஆரின்ரை படம்?” என்று அந்தக் குரலோடு சண்டை பிடிப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

நான் வந்து பார்த்து, கோடு மேலே போகுது, கீழே வருது என்று சொல்வேன். அது அவருக்குப் போதாது. எவ்வளவு சரிவாக மேலே போகுது, எங்கே நிற்குது, நின்று நின்று போகுதா ஒரேயடியாகப் போகுதா என்று குடைவார். சோறு அடுப்பில் கிடக்க, நான் கோட்டுக்குச் சொல் தேடுவேன். “மெல்ல ஏறுது. நடுவிலை தடக்குப்படுது. பிறகு சறுக்கி விழுது” என்று ஒருநாள் சொன்னேன். அண்ணை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “உதுதான். உதை அப்பிடியே வைச்சிரு” என்றார்.

அதிலிருந்துதான் அவர் தன் கேர்னலை எழுதத் தொடங்கினார். வெறுமனே தொடங்கவில்லை. ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிற ஒரு பெண் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து விட்டிருந்த ஒரு கேர்னலை எடுத்து, அதன்மேல் கட்டினார். படம் அனுப்புகிறபோதே அதோடு சேர்த்து எழுத்தும் அனுப்ப அதில் வழி இருந்ததாம். வழி இருந்தும் இத்தனை காலம் ஒருவரும் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு வரி அனுப்பவில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அண்ணையின் கேர்னல் வரைபடத்தின் எண்களை ஆராய்ந்து, அதன் வடிவத்தைத் தமிழில் வசனமாக எழுதி அனுப்பும். குரல் அதை வாசிக்கும். சொற்கள் பெரும்பாலும் என்னுடையவை. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை நடந்தது. கோப்பாய்க் கிணறுகளின் கணக்கை முதன்முதலாக அது வாசித்தபோது, மாரி மழையோடு கோடு எப்படி ஏறுகிறது என்பதை அண்ணை என்னைக் கூப்பிடாமல், தானாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டார். பிறகும் ஓடவிட்டார். நான் குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதையும் அவர் அந்தப் பெண்ணைப்போல யாரும் எடுக்கக்கூடியதாகத் திறந்து வைத்தார். நிரலின் தலையில் மூன்று பெயர்களை எழுதினார். முதலில் அந்த ஐரோப்பியப் பெண், பிறகு தன் பெயர், பிறகு என் பெயர். எனக்கு எதற்கு என்று கேட்டேன். சொல் தந்தவளுக்குப் பெயர் வேண்டாமோ என்று கேட்டார். பிறகு அப்படித் திறந்து வைப்பதன் விதியை எனக்கு விளங்கப்படுத்தினார். “எடுக்கலாம், மாத்தலாம், விக்கக்கூட விக்கலாம். இந்தப் பேருகளை மட்டும் அழிக்கக்கூடாது. நாங்கள் கேக்கிறது அவ்வளவுதான்.”

இதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பணிப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வான் வண்டி ஒன்றில், ஒரு பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பனங்காய்ப் பணியாரம் சுட்டேன். பொறியியலாளர் கேட்டதற்கெல்லாம் அண்ணை பின்னேரம் முழுக்க இருந்து பதில் சொன்னார். எந்தப் பகுதி இன்னும் பலவீனம், எதை எப்படித் திருத்தலாம் என்பதுகூடச் சொன்னார். கண் தெரியாமல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறோம் என்று பணிப்பாளர் சொன்னபோது, அண்ணையின் முகத்தில் நான் நெடுநாளாகக் காணாத ஒரு சந்தோசம் இருந்தது. போகும்போது பணிப்பாளர் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, “உங்களை நாங்கள் மறக்கமாட்டம்” என்றார்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் தொலைபேசியில் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணம் ரவுணில், நகர நடுவில் ஒரு ஹொட்டேல் மண்டபத்தில் வெளியீட்டு விழா, ஐயா கட்டாயம் வரவேண்டும், மேடையில் கௌரவிப்பு உண்டு என்றார்கள். அண்ணை வெள்ளைச் சட்டையைத் தானே மினுக்கினார். படலையில் நின்று கொலர் சரியா என்று கேட்டார். பஸ்ஸுக்குள் ஏறியும் கேட்டார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. மற்றதெல்லாம் பிறகுதான்.

மண்டபத்து வாசலில் ஒரு பெண் அவருடைய நெஞ்சில் ஒரு அட்டையைக் குத்திவிட்டுப் போனாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பயனாளி என்று வாசித்துச் சொன்னேன். “பிழையாக் குத்திப்போட்டினம் போலை. பேந்து மாத்துவினம்” என்றார். யாரும் மாற்ற வரவில்லை. விளக்கேற்றல் முடிந்து, தலைமையுரை முடிந்து, செயல்முறைக் காட்சி தொடங்கியது. திரையில் ஒரு வரைபடம். ஒலிபெருக்கியில் அந்தக் குரல். மெல்ல ஏறுது, நடுவிலை தடக்குப்படுது, பிறகு சறுக்கி விழுது. சனம் வியந்தது. எங்கள் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் இரவுபகலாக உழைத்து உருவாக்கியது என்று பணிப்பாளர் சொன்னார். அண்ணையின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. என் குசினியில் சோறு கரிய நான் தேடிய சொற்கள் அந்த மண்டபத்தில் யாருடையவையோ ஆகிப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் பயனாளிகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டது அண்ணையின் பெயரை.

அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். எழும்பினார். என் தோளைப் பிடித்து மேடைக்கு ஏறினார். பெட்டியைக் கையில் வைத்தார்கள், படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் அண்ணை ஒலிவாங்கியைக் கேட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கொடுத்தார்கள். “இதை எழுதினது நான். என்னோடை இன்னும் ரெண்டு பேர். எங்கடை பேருகள் எங்கை?” என்றார் அண்ணை. அறிவிப்பாளர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியை வாங்கி, “ஐயா சந்தோசத்திலை உணர்ச்சிவசப்பட்டிட்டார். பலத்த கரகோசம் ஒண்டு குடுப்பம்” என்றார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். படித்தவர்கள், அதிபர்கள், வேட்டி கட்டிய பெரியவர்கள், எல்லோரும் தட்டினார்கள். அண்ணை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் சொன்னது கேட்கவில்லை.

இறங்கும்போது பெட்டியை மேடைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தார். ஓட்டோவில் ஏறிய பிறகு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, “ஐயா, மறந்திட்டியள்” என்று அதை என் மடியில் வைத்தாள். அவள்மேல் குற்றமில்லை. அவள் நல்ல மனதோடுதான் ஓடிவந்தாள். வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டிக் கணினியில் இருந்த நிரலின் தலைப்பகுதியைத் திறந்து வாசிக்கச் சொன்னார். மூன்று பெயர்களும் இருந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அன்றிரவே நிறுவனத்துக்கு முதல் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் நான் ரவுணுக்குப் போய் அந்த அலுவலகத்தில் ஏறினேன். பணிப்பாளர் என்னை இருத்தி, தேநீர் வரவழைத்து, மிகவும் பண்பாகக் கதைத்தார்.

“தங்கச்சி, இது ஆருக்கும் பொது எண்டு அண்ணையே சொன்னவர். ஓப்பன் சோர்ஸ். பிறகு இதிலை என்ன பிரச்சினை?”

“எடுக்கலாம் எண்டுதான் சொன்னவர். பேரை அழிக்கச் சொல்லேல்லை.”

“சேவை செய்யிறவைக்குப் பேராசை இருக்கக்கூடாது, தங்கச்சி.”

அவருக்குப் பின்னால் சுவர் நிறையக் கேடயங்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர். “அப்ப உந்தச் சுவரிலை இருக்கிற பேரெல்லாத்தையும் கழட்டுங்கோ சேர்” என்றேன். சிரிப்பு நின்றது. ரீ ஆறுது, குடியுங்கோ என்றார். நான் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

எங்கள் சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். நாலு பேருக்கு உதவுகிறதென்றால் நல்லதுதானே, விட்டுவிடுங்கோ. கண் தெரியாத மனிசன் ஏன் வழக்குக்கும் வம்புக்கும் போகவேணும். இதே நிரலைக் கண் தெரிந்த ஒருவர் எழுதியிருந்தால் அந்த மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள், கதிரை போட்டு நடுவில் இருத்தியிருப்பார்கள். அவருடைய பெயரை அழிக்கவும் பயந்திருப்பார்கள். அண்ணையின் பெயரை அழிக்க அவர்கள் பயப்படவில்லை. கண் தெரியாதவனுடைய கை வாங்குகிற கை என்றே அவர்களுக்குப் பழகியிருந்தது. அந்தக் கை தங்களுக்குக் கொடுத்தது என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திட்டமிட்ட களவு என்றால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. களவெடுத்தது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு உபகாரம் செய்ததாகத்தான் அவர்கள் நித்திரை கொண்டார்கள்.

அண்ணை எழுதியதால் தன் பெயரும் போனதை அறிந்த அந்த ஐரோப்பியப் பெண் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு எழுதினாள். அதற்குப் பிறகு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், தேடித் தேடிப் போனால் கிடைக்கிற ஒரு மூலையில், “உதவிய ஆர்வலர்களுக்கு நன்றி” என்று ஒரு வரி வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அண்ணை சிரித்தார். “ஆர்வலர்” என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை.

ஆனால் தன் கேர்னலை அவர் கைவிடவில்லை. வவுனியாவில் ஒரு அரச அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருக்கிற ஒரு பெண், பிறவியிலேயே பார்வை இல்லாதவள், வேலை பார்த்துக்கொண்டே புள்ளிவிபரவியல் படித்தவள், அவருடைய பக்கத்தைக் கண்டுபிடித்து, பிழை இருக்கிறது என்று எழுதினாள். பிழை இல்லை என்று அண்ணை எழுதினார். அவள் நிரூபித்தாள். அதன்பிறகு இரண்டு பேரும் தொலைபேசியில் நாள்தோறும் பிடுங்குப்பட்டார்கள். “தடக்குப்படுது எண்டால் மட்டக்களப்பிலை விளங்குமே?” என்று அவள் கேட்க, விளங்காட்டிப் படிக்கட்டும் என்று அவர் சொல்ல, அவருக்கு மறுபடி உசார் வந்தது. நிரலில் கைவைக்கிற உரிமையை அவளுக்கும் கொடுத்தார்.

ஒரு காலை கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தவர், நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று சொல்லி விறாந்தையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அவமானம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அப்பா போனதும் அதே நெஞ்சு வருத்தத்தில்தான். மருந்துக்கடையில் நிற்கிறவள் நான், இல்லாததைச் சொல்லக்கூடாது.

செத்தவீட்டுக்குப் பணிப்பாளர் வந்தார். பெரிய மலர்வளையம், அதில் நிறுவனத்தின் பெயர். கிரியை முடிந்து இரங்கலுரைகள் தொடங்கியபோது, ஊர்ப் பெரியவர் அவரையும் கூப்பிட்டார். “எமது நிறுவனத்தின் பயனாளியாக விளங்கிய அன்னார்…” என்று அவர் தொடங்கினார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் எழும்பிவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் பிரேதத்தைச் சுற்றி இருந்து அழுவார்கள், ஒலிவாங்கிக்குப் போகமாட்டார்கள். என் மாமி சேலையைப் பிடித்து இழுத்தார். நான் போய் அவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினேன். அவர் கொடுத்தார். கொடுக்காமல் விட அவருக்கு வழியில்லை.

“என்ரை அண்ணை ஆரின்ரையும் பயனாளி இல்லை. உந்த நிறுவனத்தார் குடுத்த பெட்டிக்குள்ளை இருந்தது அண்ணை எழுதினது. அண்ணை உவைக்குக் குடுத்தவர். உவை அவரின்ரை பேரை அழிச்சுப்போட்டு, அவருக்கே திருப்பிக் குடுத்துப் படம் எடுத்தவை. அண்டைக்கு அவர் கேட்டவர், நீங்கள் கைதட்டினியள். இப்ப கேளுங்கோ.”

ஒலிவாங்கியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். செத்தவீட்டில் கைதட்டிச் சமாளிக்க ஒருவராலும் முடியாது. பணிப்பாளர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மெல்ல நடந்து படலையைத் தாண்டிப் போனார். பறை தொடங்கியது. அண்ணையைத் தூக்கினார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், செத்தவீட்டிலை உப்பிடியே கதைக்கிறது என்று என்னைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு எங்கே கதைக்க விட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்தக் கேர்னலை இப்போது வவுனியாப் பெண்தான் பார்க்கிறாள். நிறுவனம் வைத்திருந்த பிரதி, புதுக் கணினிகளில் ஓடாமல் நின்றுவிட்டதாம். அவர்களுடைய அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது, திருத்தித் தர ஏலுமோ என்று. கொடுக்கிறதா என்று அவள் என்னிடம் கேட்டாள். கொடுக்காதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அதைப் பாவித்துப் படிக்கிறவர்கள் பணிப்பாளரின் பிள்ளைகள் இல்லை. அண்ணை என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு விருப்பமில்லாமல்தான் கொடு என்றேன்.

கொடுக்க முதல் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், கேளுங்கோ அக்கா என்று போன கிழமை தொலைபேசியில் அழைத்தாள். நோட்புக்கின் முதல் பெட்டியை ஓட்டியவுடன், எந்த விடையும் வர முதல், மூன்று பெயர்களையும் குரல் வாசிக்கும்படி செய்திருக்கிறாள். தலைப்பகுதியில் எழுத்தாக இருந்தால் கண் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள், இது ஒவ்வொரு நாளும் காதில் விழும், விழாமல் விட்டால் பாவிக்கிறவைக்கே தெரியும் என்றாள். அழிக்க நினைத்தால் இதையும் அழிக்கலாம்தான். அவளுக்கும் அது தெரியும். தொலைபேசியைக் கணினிப் பக்கம் பிடித்து ஓடவிட்டாள். கடையில் சனம் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு காத்து நின்றது. அந்தக் குரல் ஐரோப்பியப் பெண்ணின் பெயரை உருட்டிச் சிதைத்து ஒருவாறு சொல்லி முடித்தது. அடுத்ததாக அண்ணையின் முழுப்பெயர் வந்தது. பிறகு என் பெயர்.

“கேட்டதே அக்கா?” என்றாள்.

“கேட்டது” என்றேன். “இன்னும் கொஞ்சம் சத்தமா வை.”